157 மீட்டர் மலையும் அக்காவின் உள்ளங்கையும்

அக்காவின் வலது உள்ளங்கையில், ஆயுள் ரேகைக்குக் குறுக்கே, இன்னும் ஒரு கோடு இருக்கிறது. கைரேகை பார்ப்பவர் யாராவது அதைப் பார்த்தால் கண்டம் என்றுதான் சொல்வார். தாய்லாந்தில் ஒரு சுண்ணாம்பு மலை கிழித்த கோடு அது. மலையின் உயரம் 157 மீட்டர்.

அந்த எண்ணில்தான் நாங்கள் ஏமாந்தோம். வேலை நிமித்தமாக நான் பாங்காக்கில் இருக்கிறேன். ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியையான அக்கா திருச்சியிலிருந்து ஒரு மாதம் வந்திருந்தாள். காவ் சாம் ரோய் யோட் தேசியப் பூங்காவுக்குப் போகலாம் என்றதும் அவள் முதலில் கேட்டது, "எவ்வளவு உயரம்?" பூங்காவின் மிக உயர்ந்த சிகரம் 605 மீட்டர் என்றும், நாம் ஏறப்போகும் காவ் டேங் காட்சிமுனை வெறும் 157 மீட்டர் என்றும் சொன்னேன்.

"மலைக்கோட்டை 83. அதைப்போல் இரண்டு மடங்குகூட வரவில்லையே. இதற்கா இவ்வளவு பேச்சு?"

வாரம் ஒருமுறை உச்சிப் பிள்ளையாரைப் பார்க்கப் படியேறும் அறுபத்தொரு வயதுக்காரி அப்படிக் கேட்டால் என்ன பதில் சொல்வது? எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. தங்கியிருந்த விடுதியில் ஒருவர், "இருபது நிமிட ஏற்றம், செருப்போடுகூடப் போகலாம்" என்றார். நல்லவேளை, அதை மட்டும் நம்பவில்லை.

ஜனவரி மாதம். விடியற்காலை ஐந்தரைக்கு அடிவாரத்தில் டார்ச்சோடு நின்றோம். முதல் ஐந்து நிமிடம் சாதாரண மண்பாதை. பிறகு மண் காணாமல் போயிற்று. படி என்று சொல்ல ஒன்றுமில்லை. கூர் கூராக நிமிர்ந்து நிற்கும் சாம்பல் நிறப் பாறைகளுக்கு நடுவே எங்கே கால் வைக்க இடம் இருக்கிறதோ அங்கே வைத்து, கையால் ஒன்றைப் பிடித்து, உடம்பைத் தூக்க வேண்டும். டார்ச் ஒரு கையில் இருந்தால் பிடிக்க ஒரு கைதான் மிச்சம். அக்காவுக்கு நேர்ந்தது அதுதான். இடக்கையில் டார்ச், வலக்கையில் பாறை. கால் சற்று நழுவியதும் வலக்கையை இறுக்கினாள். "ஒன்றுமில்லை" என்றாள். வெளிச்சத்தைத் திருப்பினால் உள்ளங்கையிலிருந்து மணிக்கட்டு வரை இரத்தம் வழிந்திருந்தது. அருவாமனையில் பட்டதுபோல் சுத்தமான வெட்டு. வலியே தெரியவில்லை என்றாள், அவ்வளவு கூர்மை.

என் துப்பட்டாவின் ஓரத்தைக் கிழித்துக் கட்டினேன். பஞ்சும் மருந்தும் கொண்ட சிறு பை விடுதி மேசையில் பத்திரமாக இருந்தது. திரும்பிவிடலாம் என்றேன். "ஏறுவதற்கு மூன்று பங்கு வந்தாயிற்று. ஒரு பங்குக்காகவா இறங்குவது?" என்று கணக்கு டீச்சர் கேட்டாள். பாதி தூரம்கூட வரவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

உச்சியில் உட்கார்ந்திருந்தபோது ஆறே முக்கால் வாக்கில் தாய்லாந்து வளைகுடாவிலிருந்து சூரியன் வந்தது. ஒரு பக்கம் கடல். அடுத்து உப்பங்கழி, இறால் பண்ணைகளின் கட்டம் கட்டமான குளங்கள். நாகப்பட்டினக் கரையைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கட்டங்கள் புதிதல்ல. இங்கும் பூங்காவின் சதுப்புநிலத்தை அவை நிறையவே விழுங்கியிருக்கின்றன. மறுபக்கம் மலைகள். தொடராக இல்லாமல், தட்டையான தரையிலிருந்து திடீர் திடீரென்று முளைத்த பற்களைப்போல் நின்றன. சாம் ரோய் என்றால் முந்நூறு. யோட் என்றால் சிகரம். கப்பல் உடைந்து கரையேறிப் பிழைத்த முந்நூறு பேரால் வந்த பெயர் என்று ஒரு கதையும் உண்டு. அக்காவுக்குக் கதை வேண்டாம், எண்ணிக்கை வேண்டும். கட்டுப்போட்ட கையை நீட்டி எண்ணத் தொடங்கினாள். அறுபத்து நான்கில் ஒரு சிகரம் இன்னொன்றின் தோள்தானா, தனிச் சிகரமா என்ற சந்தேகம் வந்து நிறுத்தினாள்.

இறங்குவது ஏறுவதைவிடக் கடினமாக இருந்தது. ஏறும்போது கண் பாறைக்கு அருகில் இருக்கிறது. இறங்கும்போது கால்தான் தேடுகிறது. பல இடங்களில் மலைக்கு முகம் காட்டி, ஏணியில் இறங்குவதுபோல் பின்புறமாக இறங்கினோம். முப்பது நிமிடத்தில் ஏறியவர்களும் உண்டு. எங்களுக்கு ஏற ஒரு மணி நேரமும், இறங்க அதைவிடச் சற்று அதிகமும் ஆயிற்று.

அந்தப் பாறை ஏன் அப்படி இருக்கிறது என்பதை இறங்கி வந்து கையைக் கழுவும்போது பேசிக்கொண்டோம். மலைக்கோட்டைப் பாறை கருங்கல் இனம். மழை பெய்தால் வழிந்து ஓடிவிடும், கல் கொஞ்சமும் அசையாது. சுண்ணாம்புக்கல்லோ மழையில் கரையும். காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவை வாங்கிக்கொண்ட மழைநீர் லேசான அமிலமாகி, பாறையில் ஓடும் தடத்தையெல்லாம் அரிக்கிறது. இரண்டு தடங்களுக்கு நடுவில் மிஞ்சுவது கத்தி விளிம்பு. வெளியே கத்தி, உள்ளே ஓட்டை. அரித்துக்கொண்டு உள்ளே இறங்கிய நீர்தான் குகைகளைச் செய்தது. அதனால் மலையின் மேற்பரப்பில் ஓடையோ சுனையோ பார்க்க முடியாது. குடிநீரை முழுக்க முழுக்க நாம்தான் சுமக்க வேண்டும்; ஆளுக்கு இரண்டு லிட்டர் எங்களுக்குச் சரியாக இருந்தது.

பாட்டியின் வெற்றிலைப் பெட்டியில் இருந்த சுண்ணாம்பு கிளிஞ்சல் சுட்டு நீற்றியது. இந்த மலையும் ஒருவகையில் கிளிஞ்சல்தான். 25 கோடி ஆண்டுகளுக்கு முன்பே பழைய கடலடியில் சிப்பியும் கூடும் படிந்து இறுகி, பிறகு மேலே தள்ளப்பட்டது. அரியலூர்ப் பக்கம் சிமெண்ட் ஆலைகள் தோண்டும் சுண்ணாம்புக்கல்லை அக்கா பார்த்திருக்கிறாள். "அங்கே குழிக்குள் இறங்கிப் பார்த்தேன், இங்கே அண்ணாந்து பார்க்கிறேன்" என்றாள். அங்குள்ளது டைனோசர் காலத்துக் கடல். இங்குள்ளது அதற்கும் மிக முந்தையது.

ஆனால் இந்தக் கல்லுக்கு இன்னொரு முகமும் உண்டு. அதை முதல் நாளே பார்த்திருந்தோம், புரிந்துகொள்ளத்தான் இல்லை. கால் படாத இடத்தில் கத்தியாக இருப்பது, கால் பட்டுப் பட்டு வழித்த இடத்தில் கண்ணாடியாகிவிடுகிறது. பிரயா நக்கோன் குகைக்கு ஏறும் பாதை இரண்டாவது வகை.

இந்தப் பூங்காவுக்கு வருபவர்களில் பெரும்பாலோர் அந்தக் குகைக்காகத்தான் வருகிறார்கள். பாங் பூ என்ற மீனவர் கிராமத்துக் கரையில் வண்டியை விட்டுவிட்டு, முனையைச் சுற்றிப் படகில் லெம் சாலா கடற்கரைக்குப் போக வேண்டும். அல்லது நடுவில் இருக்கும் மலைமுனையை ஏறி இறங்கி, அரை கிலோமீட்டர் போல நடக்க வேண்டும். லெம் சாலாவிலிருந்து குகைக்கு 430 மீட்டர் ஏற்றம்.

முதல் நாள் ஹுவா ஹின் நகரில் சாவகாசமாகச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பியதுதான் எங்கள் முதல் தவறு. பாங் பூ சேரும்போது பன்னிரண்டரை. வடகிழக்குக் காற்றில் அலை எழும்பி, படகை நிறுத்திவிட்டார்கள். கரையில் இளநீர் விற்ற அம்மாளை, தாய் வழக்கப்படி "பா" என்று அழைத்துக் கேட்டேன். பா என்றால் பெரியம்மா. அவர் அலையைப் பார்க்கவே இல்லை. அக்காவின் காலைப் பார்த்தார். "முழங்கால் நல்லதா?" என்றார். நல்லது என்று மொழிபெயர்த்துச் சொன்னேன். "அப்படியானால் நடங்கள். ஆனால் வெளிச்சம் போய்விட்டது" என்றார். பட்டப்பகலில் வெளிச்சம் போய்விட்டது என்கிறாரே என்று நினைத்தபடியே நடந்தோம்.

உச்சி வெயிலில் மலைமுனையைக் கடந்து லெம் சாலாவில் இறங்கியபோது, சவுக்குத் தோப்பைப் பார்த்ததும் வேளாங்கண்ணிப் பக்கம் வந்துவிட்டதுபோல் இருந்தது. அங்கே ஒரு பழைய கிணறு. புயலுக்கு ஒதுங்கி இந்தக் கரையில் தங்கிய பிரயா நக்கோன் என்ற ஆளுநர் வெட்டுவித்தது என்கிறார்கள். குகைக்கு அவர் பெயர்தான். நக்கோன் வேறொன்றுமில்லை, நம் நகரம்தான். இந்த மாகாணத்தின் பெயரான பிரச்சுவாப் கிரி கானின் நடுவிலும் நம் கிரி உட்கார்ந்திருக்கிறது.

430 மீட்டர் ஏற்றத்தில் பல்லாயிரம் கால்கள் தேய்த்த கற்கள். காய்ந்திருக்கும்போதே வழுக்கின. எனக்கு முன்னால் போன இளைஞன் ரப்பர் செருப்போடு இரண்டு முறை உட்கார்ந்துவிட்டான். என் ஓட்டக் காலணியின் அடிப்பாகமும் ஏற்கெனவே தேய்ந்தது; பிடிமானமே இல்லை. விலை அதிகமான மலைக்காலணி வேண்டியதில்லை. அடியில் பள்ளம் பள்ளமான தடம் தேயாமல் இருந்தால் போதும். கல்லின் வழவழப்பான நடுப்பகுதியை விட்டு, அதிகம் மிதிபடாத சொரசொரப்பான ஓரத்தில் காலை வைக்கக் கற்றுக்கொண்டதும் நடை எளிதாயிற்று.

இரண்டேகாலுக்குக் குகைக்குள் இறங்கினோம். பெரிய கூடம். கூரையின் ஒரு பகுதி எப்போதோ இடிந்து விழுந்து வானம் தெரிகிறது. விழாமல் மிஞ்சிய பாறை, குறுக்கே பாலம்போல் நிற்கிறது. மேலே நடமாடும் விலங்குகள் தவறி விழுந்ததால் அதற்குச் சாவுப் பாலம் என்று பெயர். அடுத்த கூடத்தின் நடுவே, ஒரு மேட்டின்மேல் அந்த மண்டபம். ஐந்தாம் ராமா என்னும் சூலாலங்கோர்ன் மன்னர் 1890இல் வந்தபோது எழுப்பியது. பாங்காக்கில் செய்து, பிரித்துக் கொண்டுவந்து, இங்கே பூட்டினார்கள். கூரை முகட்டின் அலங்காரக் கொம்பை மன்னரே ஏற்றிவைத்தார். நான்கு பக்கமும் முகப்பு இருப்பதால் இந்த அமைப்புக்குத் தாய் மொழியில் சதுராமுக் என்று பெயர்; சதுர்முகம் என்று நமக்குக் கேட்கும். மண்டபத்தின் பெயர் கூஹா கரூஹாத். அதற்குள் குகையும் இருக்கிறது, கிருகமும் இருக்கிறது.

பார்த்தோம். அழகாகத்தான் இருந்தது. ஆனால் படத்தில் பார்த்தது இது இல்லை. மங்கலான கூடத்தில் மங்கலான ஒரு மண்டபம். அக்கா கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, "விளக்கேற்றாத கோயில்போல இருக்கிறது" என்றாள். இளநீர் பெரியம்மா சொன்ன வெளிச்சம் எது என்று அப்போது புரிந்தது.

ஆகவே மூன்றாம் நாள் மறுபடியும் போனோம். கையில் கட்டு, அதன்மேல் சந்தையில் வாங்கிய தோட்ட வேலைக் கையுறை. காற்று தணிந்து படகு ஓடிற்று. ஏறவும் இறங்கவும் முழங்கால் அளவு கடல்நீரில் நடக்க வேண்டியிருந்ததால், காலணியைக் கழற்றித் தோளில் மாட்டிக்கொண்டோம். ஈரக் காலோடு அந்தக் கண்ணாடிக் கல்லில் ஏறக்கூடாது. கரையில் உட்கார்ந்து மணலைத் துடைத்து, காலுறை மாட்டி, பிறகே கிளம்பினோம். அந்தப் பத்து நிமிடத்தைச் சோம்பல் என்று நினைத்து எங்களைத் தாண்டிப் போனவர்களைப் பாதி வழியில் பிடித்துவிட்டோம்.

பத்தே காலுக்கு உள்ளே இருந்தோம். மண்டபம் இன்னும் நிழலில்தான். கூரைத் திறப்பின் வழியே வந்த வெயில், மேற்குச் சுவரின் மேற்பகுதியில் ஒரு வெள்ளைத் துணியைக் காயப்போட்டதுபோல் விழுந்திருந்தது. அது இறங்கத் தொடங்கியது. சுவரிலிருந்து, மேலிருந்து தொங்கும் சுண்ணாம்பு விழுதுகளின் நுனிக்கு. அங்கிருந்து, குகைத் தரையிலேயே வேர்விட்டு வானத்தை நோக்கி மெலிந்து உயர்ந்திருக்கும் மரங்களின் தலைக்கு. இலைகள் ஒவ்வொன்றாகப் பச்சையாயின. பத்தே முக்காலைத் தாண்டியதும் முகட்டுக் கொம்பின் நுனி பொறிபோல் மின்னியது. பிறகு கூரை அடுக்குகள், பொன் வேலைப்பாடு, தூண்கள். தூசும் ஈரமும் கலந்த காற்றில் ஒளி தூணாகவே தெரிந்தது. முப்பது பேர் இருந்திருப்போம். பேச்சு தானாக நின்றது. கருவறையில் திரை விலகித் தீபாராதனை காட்டும் நேரத்து அமைதி அது. அக்கா அறியாமலே கையைக் கூப்பியிருந்தாள். ஒரு கையில் மட்டும் கையுறை. அங்கேயே பாறைச் சுவரில் ஐந்தாம் ராமாவின் பெயர் முத்திரையும், 1926இல் வந்த ஏழாம் ராமாவின் முத்திரையும் இருக்கின்றன. நான் அவற்றைப் படம் எடுத்துவிட்டுத் திரும்புவதற்குள் ஒளி படிக்கட்டில் இறங்கிவிட்டிருந்தது. அங்கே போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: பத்தரைக்கு முன் உள்ளே இருங்கள், பதினொன்றரை வரை கிளம்பாதீர்கள். மேகமூட்டமான நாள் என்றால் அன்று வேறு எங்காவது போய்விட்டு, அடுத்த நாளைக் குகைக்கு ஒதுக்குங்கள்.

மண்டபம் எழுப்பிய சூலாலங்கோர்ன் மன்னருக்கும் இந்தக் கடற்கரைக்கும் வேறொரு உறவு உண்டு. 1868 ஆகஸ்ட் 18 அன்று முழுச் சூரிய கிரகணம். அவருடைய தந்தை மோங்குட் மன்னர், அது எங்கே எப்போது தெரியும் என்று தாமே கணித்து, தெற்கே வா கோ என்ற இடத்துக்குப் பரிவாரத்தோடு வந்து பார்த்தார். அதே நிழல் அன்று வந்த வழியில் சென்னை மாகாணத்தின் குண்டூரையும் மசூலிப்பட்டினத்தையும் கடந்துதான் வந்தது. குண்டூரில் பிரெஞ்சு அறிஞர் ஜான்சனும், மசூலிப்பட்டினத்தில் சென்னை வானாய்வகத்தின் போக்சனும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கணிப்பு பலித்தது, கொசு விடவில்லை. மலேரியா கண்டு மோங்குட் அக்டோபர் 1 அன்று இறந்தார். உடன் வந்த பதினான்கு வயது சூலாலங்கோர்னும் படுத்துப் பிழைத்தார். இதை நான் அக்காவுக்குச் சொன்னது படகுத்துறையில், மாலை ஐந்தரைக்கு, இருவரும் காலைச் சொறிந்துகொண்டிருந்தபோது. அதன்பிறகு கொசுவிரட்டிக் களிம்பைப் பூசச் சொல்லி நான் அவளை ஒருமுறைகூடக் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை.

பூங்காவின் இன்னொரு குகையான சாய் குகையைப் பற்றி இரண்டு வார்த்தை. சாய் என்றால் அத்தி, ஆல் இன மரம். வாசலில் நின்ற மரத்தால் வந்த பெயர். இங்கே கூரைத் திறப்பெல்லாம் கிடையாது, உள்ளே முழு இருட்டு. தலையில் மாட்டும் டார்ச் இல்லாமல் போகாதீர்கள். கைபேசி வெளிச்சம் போதாது, அது கையையும் பிடித்துவைத்துக்கொள்ளும். காவ் டேங்கில் எங்களுக்கு இந்த ஒரு டார்ச் இருந்திருந்தால் அக்காவின் கை பிழைத்திருக்கும். விழுதுகளைத் தொடவும் கூடாது: விரலின் எண்ணெய் பட்ட இடத்தில் சுண்ணாம்பு ஒழுங்காகப் படியாது.

குரங்குகளில் இரண்டு சாதியைப் பார்த்தோம். நீண்டவால் குரங்கு நம் ஊர்க் கோயில் குரங்குக்கு ஒன்றுவிட்ட தம்பி. அலுவலக வாசலில் ஒருவர் வைத்திருந்த வாழைப்பழப் பையை அப்படியே கொண்டுபோயிற்று. மற்றது கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் கொண்ட கரும்சாம்பல் மந்தி. மூக்குக்கண்ணாடி போட்ட தலைமையாசிரியர் வகுப்பை நோட்டம் விடுவதுபோல் கிளையிலிருந்து நம்மைப் பார்க்கும். குட்டி மட்டும் பளிச்சென்று ஆரஞ்சு நிறம். அது தானாக வந்து எதையும் பிடுங்குவதில்லை. நாமும் எதையும் நீட்டாமல் இருந்தால் அப்படியே இருக்கும்.

செலவு பெரிதல்ல. நாங்கள் போனபோது வெளிநாட்டவருக்கு நுழைவுக் கட்டணம் 200 பாட். ஒரே டிக்கெட்டை அன்று முழுக்க எல்லா இடங்களிலும் காட்டினோம், அதனால் எறிந்துவிடாதீர்கள். பூங்காவுக்குள் ஓர் இடத்துக்கும் இன்னோர் இடத்துக்கும் நடுவே பஸ் எதுவும் எங்கள் கண்ணில் படவில்லை. ஹுவா ஹின்னிலோ பிரான்புரியிலோ வண்டி அமர்த்திக்கொள்வதுதான் வழி. ஒரே நாளில் எல்லாவற்றையும் முடித்துவிட நினைப்பவர்கள் மதிய வெயிலில் ஒரு மலையில் மாட்டிக்கொள்வார்கள். மூன்று நாளில் நாங்கள் காலையில் மலை, மதியம் தூக்கம், மாலையில் தண்ணீர் என்று பழகிக்கொண்டோம்.

தண்ணீர் என்றது மலைகளுக்கு மேற்கே உள்ள நன்னீர்ச் சதுப்பை. 1966இல் அமைந்த இந்தப் பூங்கா தாய்லாந்தின் முதல் கடலோரத் தேசியப் பூங்கா. கடலுக்கு எதிர்ப்பக்கம் இப்படியொரு தாமரைக் காடு இருப்பதை வருபவர்களில் பலர் பார்க்காமலே போய்விடுகிறார்கள். 2008இல் அது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. கடைசி மாலை, கழி ஊன்றித் தள்ளும் தட்டைப் படகில் உட்கார்ந்தோம். தாழைக்கோழிகள் இலைக்கு இலை நடந்தன. கிழக்கே, மறையும் சூரியனின் நேர் ஒளியில், மலைகள் அனைத்தும் செந்நிறம் கொண்டு வரிசையாக நின்றன. காவ் டேங் என்றால் செம்மலை.

அக்கா எண்ணிக்கொண்டிருந்தாள், உதடு அசைய. நூற்றுப் பத்து வரை வந்ததாகச் சொன்னாள்.

"தண்ணீரில் தெரிவதையும் சேர்த்துக்கொள்ளலாமே" என்றேன்.

அவள் குனிந்து தண்ணீரைப் பார்த்தாள். படகுக்காரர் கழியை ஊன்ற, தலைகீழ் மலைகள் எல்லாம் ஒரே அடியில் உடைந்து சிதறின. "கணக்கைக் கெடுத்துவிட்டாயே" என்று சலித்துக்கொண்டு, கையுறையைக் கழற்றிவிட்டு, முதல் சிகரத்திலிருந்து மறுபடி தொடங்கினாள்.